ஏழு எண்ணிக்கை மௌனம்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

நாலு வருடம் கழித்து அக்காவிடமிருந்து கடிதம் வந்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் நினைப்பாய். எல்லாரும் நன்றாக இருக்கிறோம். உன் மாமாவுக்கு மட்டும் முழங்கால் வலி. அதுவும் கடைக்குப் போகச் சொன்னால்தான் வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நகர மண்டபத்தைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். ஜூன் பதினான்காம் தேதி திறப்பு. எங்கள் சேர்ந்திசைக் குழுவுக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பழைய பாட்டாக இருக்க வேண்டுமாம், ஆனால் புதிதாகக் கேட்க வேண்டுமாம். கமிட்டியின் உத்தரவு அப்படி. குழு கூடிப் பேசியதில் இருபத்தெட்டுப் பேரில் இருபத்தாறு பேர் அந்த மத்ரிகலைத்தான் சொன்னார்கள். ஐந்து குரலுக்கு எழுதிய, நானூறு வயதான அந்த ஐரோப்பியப் பிரிவுப் பாட்டு. நம் நூலகர் தமிழில் சொல் போட்டுக் கொடுத்தாரே, அதேதான். அதை இன்றைய குழுவுக்கும் தாள வாத்தியங்களுக்குமாக அஸ்திவாரத்திலிருந்து மாற்றி எழுத வேண்டும்.

இப்படி எழுதத் தெரிந்தவன் எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான். மேடையில் வந்து வாசிக்கச் சொல்லவில்லை. எழுதித் தந்தால் போதும்.

போனில் கேட்டிருக்கலாம். போனில் நாம் மூன்றாவது வாக்கியத்தில் சண்டைக்கு வந்துவிடுவோம். இசைத்தாள் எப்படியும் தபாலில்தான் வர வேண்டும். பேச்சும் அதோடு வரட்டும்.

அக்கா


பிப்ரவரி 21

அக்காவுக்கு,

எழுதித் தருகிறேன். இதை முதலில் சொல்லிவிடாவிட்டால் மீதியைப் படிக்காமல் மாமாவிடம் நீட்டிவிடுவாய்.

ஆனாலும் உன் தைரியத்தை மெச்ச வேண்டும். உலகத்தில் எத்தனையோ பாட்டு இருக்க, அந்தப் பாட்டையா கேட்பாய்? அதே மண்டபத்தில், அதே பாட்டில்தான் என் மானம் போனது. 'போகிறேன்' என்ற சொல் நடுவில் உடைகிறது. 'போ' என்று பாடிவிட்டு எல்லாரும் ஏழு எண்ணிக்கை சும்மா இருக்க வேண்டும். எட்டாவதில் என் டிரம் அடியும் 'கிறேன்' என்ற மீதிச் சொல்லும் ஒன்றாக விழ வேண்டும். கிளம்புகிறவனுக்குச் சொல்லி முடிக்க வாய் வரவில்லை என்று பொருள். நான் ஓர் எண்ணிக்கை முன்னாலேயே அடித்துவிட்டேன். தப்பு என்னுடையது. இப்போது எழுத்திலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

என் கோபம் வேறு. கை காட்டிக் குழுவை நடத்திக்கொண்டிருந்த நீ பாட்டை நிறுத்தினாய். நானூறு பேர் பக்கம் திரும்பி, "மன்னிக்கணும், தாளக்காரர் கொஞ்சம் அவசரப்பட்டுட்டார், மறுபடி ஆரம்பிக்கிறோம்" என்றாய். மண்டபம் முழுக்கச் சிரித்தது. கூடப்பிறந்தவனைச் சபையில் வைத்து வாரிவிட்டாயே என்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு நான் மேடை ஏறவில்லை. இங்கே வாத்தியம் பழுது பார்க்கும் கடையில் வேலை. டிரம்முக்குத் தோல் மாற்றுகிறேன், தளர்ந்த வளையத்தை முடுக்குகிறேன். மற்ற நேரத்தில் மற்றவர்கள் வாசிப்பதற்கு எழுதிக் கொடுக்கிறேன்.

ஓர் உதவி வேண்டும். அன்றைய கச்சேரியை மண்டபத்து சவுண்ட்காரர் பதிவு செய்தார். அதை அனுப்பு. எங்கே பிசகினேன் என்று கேட்டால்தான் அந்த மௌனத்தைப் புதிதாக எப்படி எழுதுவது என்று தெரியும்.

தம்பி


மார்ச் 6

டமாரம்,

உன்னை இந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று. சாப்பாட்டுத் தட்டைக்கூட விட்டுவைக்காமல் தட்டிக்கொண்டே இருந்தாய் என்று அம்மா வைத்த பெயர். கோபம் ஆறவில்லை என்று எழுதியவனை இப்படிக் கூப்பிடலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதினேன்.

ஒலிப்பதிவைத் தேடுகிறேன். போன வருடம் வீடு மாற்றினோம். எது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

இங்கே சொல்லை வைத்துப் பெரிய சண்டை. டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல் பாடும் பஸ் டிரைவர் ஆரம்பித்து வைத்தார். "டீச்சர், வீட்டை விட்டுக் கிளம்பறப்ப யாராவது 'போறேன்'னு சொல்வாங்களா? 'வரேன்'னுதானே சொல்வோம். முப்பது தடவை 'போகிறேன் போகிறேன்'னு பாடிட்டு நான் எப்படி வண்டியை எடுக்கறது?"

நூலகர் விடவில்லை. "இவன் திரும்பி வர மாட்டான்யா. அதுதான் பாட்டே. வரேன்னு சொன்னா அப்புறம் எதுக்கு அழறது?"

கீழ்க்குரல் பாடும் பல் டாக்டருக்கு வேறு கவலை. "நாங்க 'போ'ன்னு சொல்லிட்டுச் சும்மா நின்னா, கேக்கறவங்க எழுந்து போயிட மாட்டாங்களா?"

ஒரு மணி நேரம் இதிலேயே போனது. தேநீர் ஆறிவிட்டது. நான் கணக்கு வகுப்பில் மேசையைத் தட்டுகிற மாதிரி தட்டிய பிறகுதான் அடங்கினார்கள். நீயே ஒரு முடிவு சொல்.

அந்தக் கச்சேரியைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். பழைய விஷயம். விட்டுவிடு.

அக்கா


மார்ச் 25

அக்காவுக்கு,

'விட்டுவிடு' என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டாய். விடுகிற அளவுக்கு அது சின்னதாக இருந்தால் நானே எப்போதோ விட்டிருப்பேன்.

முதல் வரைவை இதோடு வைத்திருக்கிறேன். வழி காட்டியது உங்கள் பல் டாக்டர். 'போ' என்று தனியாகக் கேட்டால் அது கட்டளைதான். மூலத்தை எழுதியவரின் மொழியில் இந்த வசதி இல்லை, தமிழில் இருக்கிறது. அதனால் சொல்லைப் பிரித்து இரண்டு பக்கமும் கொடுத்துவிட்டேன். பெண்கள் 'போ' என்று பாட வேண்டும், கெஞ்சாமல், கதவைத் திறந்துவிட்டுச் சொல்கிற மாதிரி. ஏழு எண்ணிக்கை. பிறகு ஆண்கள் 'கிறேன்' என்று முடிக்க வேண்டும். ஒருவர் துரத்துகிறார், ஒருவர் கிளம்புகிறார், இரண்டு பேருமாகச் சேர்ந்து சொல்வது ஒரே சொல். பஸ் டிரைவரிடம் சொல், அவர் 'போ' என்று ஒரு தடவைகூடப் பாட வேண்டாம்.

பழைய ஐந்து குரலையும் கலைக்கவில்லை. வேகத்தை மட்டும் பாதியாக்கியிருக்கிறேன். குரல்களுக்கு அடியில் நாலு பேர் வாசிக்கிறார்கள்: பெரிய டிரம், மரிம்பா என்கிற மரச்சட்ட வாத்தியம், மரக்கட்டை, தொங்கவிட்ட தகரத் தகடு. இரண்டாம் பகுதியில் குரல்கள் ஒன்றோடொன்று உரசுகிற இடத்தில் தகடு அதிர வேண்டும்.

பதிவு கிடைத்ததா?

தம்பி


ஏப்ரல் 8

டமாரம்,

சொல்லைப் பிரித்தது பிரமாதம். ஒத்திகையில் மேல்குரல் பாடும் தபால் ஆபீஸ் அம்மா 'போ' என்று பாடிய விதத்தில் பஸ் டிரைவர் நிஜமாகவே ஓர் அடி பின்னால் நகர்ந்தார். தன் வீட்டில் இப்போது யாரும் வாயைத் திறப்பதில்லை என்று தபால் ஆபீஸ் அம்மாவே சொல்லிச் சிரித்தார்.

தாளம்தான் தலைவலி. நாலு வாத்தியக்காரர்களுக்கு நான் எங்கே போவேன்? எங்களுக்கு இருப்பது பள்ளி பேண்டில் டிரம் அடிக்கும் பி.டி. வாத்தியார் ஒருவர்தான். அவருக்கு அணிவகுப்பு வேகம் தவிர வேறு வேகம் வராது. தகடும் வேண்டாம். ஒத்திகைக்கு ஒரு தகரத்தைக் கட்டித் தட்டிப் பார்த்தோம். "பல்லைப் பிடுங்கறப்பகூட இவ்வளவு சத்தம் வராது டீச்சர்" என்றார் டாக்டர்.

அந்த ஏழு எண்ணிக்கை இன்னும் கைக்குள் வரவில்லை. எல்லாரும் தலையை ஆட்டி ஆட்டி எண்ணுகிறார்கள். பார்த்தால் கோழிகள் மேய்கிற மாதிரி இருக்கிறது.

சவுண்ட்காரர் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். பதிவு அவரிடம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அது இல்லாமலே எழுத முடியாதா?

அக்கா


ஏப்ரல் 21

அக்காவுக்கு,

எழுத முடியும், எழுதிவிட்டேன். இரண்டாம் வரைவு. இதில் வாத்தியக்காரர் ஒருவருமே கிடையாது. பி.டி. வாத்தியாரை அணிவகுப்புக்கே அனுப்பிவிடு. தாளம் முழுவதும் பாடுகிறவர்களே போடுவார்கள். உள்ளங்கையால் தொடையில், விரலால் நாற்காலி முதுகில், குதிகாலால் மரத் தரையில். இருபத்தெட்டுப் பேர், ஐம்பத்தாறு கை. நன்றாக இருக்கும்.

ஏழு எண்ணிக்கை மௌனத்தை எடுத்துவிட்டேன். ஒவ்வோர் எண்ணிக்கையிலும் யாராவது ஒருவர் தட்டுவார். யாரும் மனதுக்குள் எண்ண வேண்டியதில்லை, யாரும் தப்பவும் முடியாது. பாட்டின் உயிரே அந்த மௌனம்தான் என்று நீ சண்டைக்கு வருவாய். தெரியும். ஆனால் எண்ணத் தெரியாதவன் ஒருவன் மௌனத்தை எழுதி மற்றவர்களை அதில் நிற்க வைப்பது நியாயமில்லை.

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? இந்த நாலு வருடமாக எனக்கு என் எண்ணிக்கை மேல் நம்பிக்கை இல்லை. மாடிப்படியை எண்ணிக்கொண்டு ஏறுகிறேன், மேலே போனதும் சரிதானா என்று சந்தேகம் வந்து திரும்ப இறங்குகிறேன். போன அக்டோபரில் இந்த ஊர் இசைக்குழுவில் தாளப் பிரிவுக்கு ஆள் கேட்டார்கள். கடை முதலாளி என் பெயரைச் சொல்லிவிட்டார். தேர்வு அறையில் வாசிக்க உட்கார்ந்தேன். என் முதல் அடிக்கு முன்னால் பன்னிரண்டு எண்ணிக்கை ஓய்வு. ஒன்பதுக்குப் பிறகு வந்தது பத்தா பதினொன்றா என்று தெரியவில்லை. குச்சியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். முன்பெல்லாம் தூக்கத்தில்கூட எண்ணிக்கை தப்பாதவன் நான். உனக்கே தெரியும்.

தம்பி


மே 3

தம்பி,

இதோடு ஒலிப்பதிவை வைத்திருக்கிறேன். அது எங்கேயும் தொலையவில்லை. சவுண்ட்காரர் மறுநாளே கொண்டுவந்து கொடுத்தார். நாலு வருடமாக என் அலமாரியில், தேர்வுத் தாள்களுக்கு அடியில் இருக்கிறது.

கேள். 'போ' முடிந்ததிலிருந்து எண்ணு. உன் அடி எட்டில் விழுகிறது. சரியாக எட்டில். தப்பியது நான். ஐந்தை இரண்டு தடவை எண்ணினேன். எங்கள் தலைமையாசிரியர் தாமதமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார், கண் அங்கே போனது, அவ்வளவுதான். நீ அடித்தபோது என் கை இன்னும் இறங்கவில்லை, அதனால் யாரும் பாடவில்லை, உன் அடி தனியாகக் கேட்டது. அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாய் உன் மேல் பழியைப் போட்டுவிட்டது. கணக்கு டீச்சர் எண்ணிக்கை தப்பினாள் என்று முன்வரிசைக்குத் தெரியக்கூடாது. அன்றைக்கு என் மனதில் இருந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். நீ ஊரை விட்டுப் போயிருந்தாய். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டேன். பிப்ரவரியில் நீயே மன்னிப்புக் கேட்டு எழுதினாய். அதைப் படித்துவிட்டு, மடித்து உறைக்குள் வைத்துவிட்டு, பாட்டைப் பற்றிப் பதில் எழுதினேன். அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். நீ தேர்வு அறையிலிருந்து எழுந்து வந்ததைப் படித்த பிறகுதான் அலமாரியைத் திறந்தேன். வெட்கமாக இருக்கிறது.

நேற்று ஒத்திகையில் குழுவிடம் சொன்னேன். எல்லாரும் அதிர்ந்து போவார்கள் என்று நினைத்தேன். பல் டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "தெரியும் டீச்சர். நாங்களும் எண்ணிட்டுத்தானே நின்னோம். அக்காவும் தம்பியும் வீட்டுல பேசித் தீர்த்திருப்பீங்கன்னு நினைச்சோம்."

இருபத்தெட்டுப் பேருக்கும் தெரியும். தெரியாதவன் நீ ஒருவன்தான்.

அக்கா


மே 14

பத்தொன்பது தடவை கேட்டேன். எட்டுதான்.

கடை மேசையில் வைத்துக் கேட்டேன். முதலாளி எட்டிப் பார்த்து, "என்னப்பா, ஒரே அடியை இத்தனை தடவை கேக்கற?" என்றார். சரியாக இருக்கிறது சார் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

சந்தோஷப்பட்டேனா என்று கேட்காதே. முதலில் அழுகை வந்தது, பிறகு உன் மேல் கோபம், அது இன்னும் போகவில்லை. தப்பு நடக்கும், எனக்குத் தெரியாதா. நீ மேடையில் சொன்னதைக்கூட ஒரு நொடிப் பதற்றம் என்று தள்ளிவிடலாம். தேடுகிறேன், எந்தப் பெட்டி என்று தெரியவில்லை, சவுண்ட்காரர் ஊர் மாறிவிட்டார் என்று இரண்டு மாதம் கதை விட்டாயே, அதை என்ன செய்வது?

இதோடு கடைசி வரைவு. தொடையிலும் நாற்காலியிலும் தட்டுவதை முதல் பாதியில் மட்டும் வைத்திருக்கிறேன், நன்றாக வந்திருக்கிறது. மௌனத்தைத் திரும்பப் போட்டுவிட்டேன். ஏழு எண்ணிக்கை, எட்டாவதில் பெரிய டிரம் ஓர் அடி. பாட்டு முழுவதற்கும் டிரம்முக்கு அந்த ஒரே அடிதான். யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். நான் வரவில்லை.


மே 30

தம்பி,

நீ எழுதியது ஒவ்வொன்றும் சரி.

செய்யப் போவதை மட்டும் எழுதுகிறேன். பதினான்காம் தேதி பாட்டுக்கு முன்னால் சபையிடம் நடந்ததைச் சொல்லப் போகிறேன். "பாட வந்த இடத்துல பாவமன்னிப்பா?" என்றார் உன் மாமா. நானூறு பேர் முன்னால் சொன்ன பொய்யை நாலு சுவருக்குள் திருத்த முடியாது என்றேன்.

இன்னொன்று. அந்த ஏழு எண்ணிக்கைக்கு நான் கை காட்டப் போவதில்லை. 'போ' முடிந்ததும் என் கை இரண்டும் கீழே இறங்கிவிடும். குழு என்னைப் பார்க்காது, டிரம்மைப் பார்க்கும். டிரம் அடித்த பிறகுதான் 'கிறேன்'. எப்போது என்று டிரம்தான் சொல்லும். இப்போதைக்கு அந்த இடத்தில் பி.டி. வாத்தியார் நிற்கிறார். ஒரே ஓர் அடிக்கு இவ்வளவு பொறுப்பா என்று ஒவ்வோர் ஒத்திகையிலும் கேட்கிறார்.

வா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

அக்கா


ஜூன் 16

டமாரம்,

ஒரு வாய்த் தேநீர்கூடக் குடிக்காமல் ரயிலுக்கு ஓடிவிட்டாய். அதனால் நேரில் சொல்ல வேண்டியதைத் திரும்பவும் தபாலில் சொல்கிறேன்.

நீ மேடைக்குப் பின்னால் வந்து நின்று, "குச்சியைக் கொடுங்க சார்" என்றபோது பி.டி. வாத்தியார் முகத்தில் வந்த நிம்மதியை நீ பார்த்திருக்க மாட்டாய். ஓடிப்போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். நான் சபையிடம் பேசியபோது யாரும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியர் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி மௌனத்துக்கு வருகிறேன். கையை இறக்கிவிட்டேன். எண்ணக்கூடாது என்றுதான் நினைத்தேன், பழக்கம் விடுமா, எண்ணிவிட்டேன். என் கணக்கில் ஏழு முடிந்தது. நீ அடிக்கவில்லை. எட்டு போனது, ஒன்பதும் போனது. மண்டபத்தில் ஓர் இருமல் இல்லை. தபால் ஆபீஸ் அம்மா 'போ' என்று சொன்ன வாயை மூடவே இல்லை. பிறகு நீ அடித்தாய், ஆண்கள் பதினொரு பேரும் உன்னோடு விழுந்தார்கள், பஸ் டிரைவருக்குக் குரல் உடைந்துவிட்டது. கமிட்டித் தலைவர் அந்த இடத்தைத்தான் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்.

என் கணக்கை நான் நம்பப் போவதில்லை. நீ அடித்த இடம்தான் எட்டு. பேச்சு முடிந்தது.

அக்கா


ஜூன் 24

அக்கா,

நீ சரியாகத்தான் எண்ணியிருக்கிறாய். மௌனம் ஒன்பது எண்ணிக்கை ஓடியது. நான் அடித்தது பத்தில்.

ஏழு முடிந்தது எனக்குத் தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது. நாலு வருடத்தில் முதல் தடவையாகத் துளிச் சந்தேகம்கூட இல்லை. ஆனால் எட்டில் கை எழவில்லை. பயந்துவிட்டேன். உன் பக்கம் பார்த்தேன், நீ கையைத் தொங்கவிட்டபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். குழுவைப் பார்த்தேன், இருபத்தெட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். ஒருவர் கண்ணிலும் அவசரம் இல்லை. எவ்வளவு நேரமானாலும் நிற்போம் என்கிற மாதிரி நின்றார்கள். அதற்குப் பிறகுதான் கை எழுந்தது.

இசைக்குழுவுக்கு நானே எழுதிக் கேட்டேன். செவ்வாய்க்கிழமை திரும்பவும் வாசித்துக் காட்ட வரச் சொல்லியிருக்கிறார்கள். அதே பன்னிரண்டு எண்ணிக்கை ஓய்வுதான்.

கமிட்டித் தலைவரிடம் பெருமையாக ஒன்றும் சொல்லி வைக்காதே. என் எண்ணிக்கை சரி, கைதான் தாமதம். இந்தத் தடவை தப்பு முழுக்க என்னுடையது. யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

டமாரம்